முகாம் முடிந்த மறுநாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் நடந்த இலவச முழு உடல் பரிசோதனை முகாம் பற்றிச் சென்ற மாதம் உங்கள் நாளிதழில் படத்துடன் செய்தி வந்திருந்தது. ஒரே நாளில் 300 பேருக்கு மேல் ரத்தம் எடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். நானும் அந்த வரிசையில் நின்று சர்க்கரை பார்த்துக்கொண்டேன். மறுநாள் காலையில் அதே பள்ளியில் நடந்ததை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் 1989இல் அரசுப் பணியில் ஆய்வக நுட்புநராகச் சேர்ந்தேன். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலுமாக 34 ஆண்டுகள் ரத்தமும் சளியும் சிறுநீரும் பார்த்து, 2023இல் ஓய்வுபெற்றேன். எங்கள் தெருவில் இன்றும் என் பெயர் ‘லேப் அம்மா’தான். முகாமுக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றவர் அந்தப் பள்ளியைப் பெருக்கும் அம்மா. வலது கைப் பெருவிரலைச் சேலைத் தலைப்பால் சுற்றிப் பிடித்திருந்தார். “லேப் அம்மா, பஞ்சை அள்ளினேன், உள்ளே ஏதோ குத்திவிட்டது” என்றார்.

குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, ஓடும் நீரில் விரலைக் கழுவச் சொன்னேன். பிதுக்கி ரத்தம் எடுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது என்றும் சொன்னேன். பிறகு இருவரும் பள்ளிக்குப் போனோம். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், புங்கை மரத்தடியில் கிடந்தது அந்தக் குவியல். ரத்தம் தோய்ந்த பஞ்சு, சுருட்டி எறிந்த கையுறைகள், மூடி கழன்ற சிறுநீர்க் குப்பிகள், சர்க்கரை பார்க்கும் பட்டைகள், விரலில் குத்தும் லான்செட்டுகள். ஊசிகளை மட்டும் கொண்டுபோயிருந்தார்கள். லான்செட்டுகளும் கூரானவைதான் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை போலும். ஓரத்தில் தீ வைத்திருக்கிறார்கள். கையுறைகள் உருகிக் கறுத்து ஒட்டிக் கிடந்தன. நீட்டிப் பார்த்தேன், வினைல் கையுறை. வினைல் என்றால் பி.வி.சி. அதைத் திறந்த வெளியில் எரித்தால் டையாக்ஸின் என்ற நச்சு வரும். அந்தச் சாம்பலிலிருந்து இருபதடி தள்ளித்தான் பிள்ளைகள் தட்டு கழுவுகிறார்கள்.

இடுக்கி வாங்கி வந்து லான்செட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கெட்டியான பிளாஸ்டிக் கேனில் போட்டேன். எண்ணிக்கொண்டே வந்தேன். 140 வரை எண்ணினேன், அதற்கு மேல் மனம் வரவில்லை. கேனை நான் முன்பு வேலை பார்த்த நிலையத்தில் கொடுத்தேன். பழைய பழக்கத்துக்காக வாங்கிக்கொண்டார்கள். அந்த அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டார்கள். அந்த வைரஸ் காய்ந்த ரத்தத்திலும் குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும் என்பதால் அதில் அலட்சியம் காட்ட முடியாது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். குத்தியது யாருடைய ரத்தம் என்று தெரியாததால் மருத்துவர் யோசித்து மாத்திரை எழுதினார். அன்று ஒரு ரத்தப் பரிசோதனை, ஆறு வாரத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று. தினக்கூலிக்குப் பெருக்கும் ஒரு பெண் மூன்று மாதம் தன் கணவரிடமும் பிள்ளைகளிடமும் பயந்து பயந்து பழக வேண்டும். முகாமுக்குப் போனவர்களில் பலருக்குச் சர்க்கரை சரியாக இருந்திருக்கும். போகாத இவருக்குத்தான் நோய்ப் பயம் வந்தது.

2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைகளின் கழிவை லாரிகளில் கொண்டுவந்து எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் போன்ற ஊர்களில் கொட்டினார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு, கேரளம் தன் லாரிகளை அனுப்பித் திரும்ப அள்ளிச் சென்றது. அன்று நாங்கள் எல்லோரும் கொதித்தோம். கொதித்தது சரி. ஆனால் புங்கை மரத்தடியில் கிடந்தது நம்முடைய ரத்தம், நம் ஊர் முகாம், நம் பள்ளி. இதை அள்ளிச் செல்ல எந்த லாரியும் வரவில்லை.

சட்டம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. மருத்துவக் கழிவுக்கு 1998இலேயே விதி வந்தது. 2016இல் வந்த புதிய விதி தடுப்பூசி முகாம், ரத்ததான முகாம், அறுவை சிகிச்சை முகாம் என முகாம்களையும் சேர்த்துக்கொண்டது. லான்செட்டும் ஊசியும் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்கு, ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கு, பிளாஸ்டிக் சிவப்புப் பைக்கு, கண்ணாடி நீலப் பெட்டிக்கு. ரத்தம் தோய்ந்த கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இவையெல்லாம் எந்த ஆய்வகச் சுவரைப் பார்த்தாலும் ஒட்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு ஒரு நாள் நடத்துகிறவர்களிடம் ஒட்டுவதற்குச் சுவரும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை.

கழிவை ஒழுங்காக அள்ளினால் போதும் என்று எழுதி முடித்திருந்தால் இந்தக் கடிதம் பாதியில் நின்றிருக்கும். மருத்துவக் கழிவை அள்ளிச் சென்றால் அதுவும் எங்கோ எரிகிறது அல்லது நீராவியில் அவிந்து அரைபடுகிறது. 34 ஆண்டுகள் ரத்தம் எடுத்தவள் என்ற முறையில் எனக்குச் சொல்ல வேண்டியது அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றியது. குத்தலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் கட்டம் அது.

நான் வேலையில் சேர்ந்தபோது கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்துப் பயன்படுத்தினோம். காலியான பெனிசிலின் புட்டிகளைக் கழுவிக் காயவைத்து, ரத்தம் உறையாமலிருக்க ஆக்ஸலேட் போட்டு, அதில் ரத்தம் எடுத்தோம். குப்பை என்று ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடிப் பஞ்சு தேறும். அந்தக் காலத்தைப் புகழ்ந்து பேச நான் வரவில்லை. கண்ணாடிக் குழாய்களைக் குரோமிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுவோம். அந்த ஆரஞ்சு நிற நீர் நேராகச் சாக்கடைக்குப் போனது. ஹீமோகுளோபின் பார்க்கும் டிராப்கின் திரவத்தில் சயனைடு உண்டு. அதையும் அதே தொட்டியில்தான் ஊற்றினோம். அது தாமிரபரணிக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஊசி விஷயத்திலோ ஆபத்து அதைவிடப் பெரிது. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றை நம் சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்துவது என்ற பேச்சே இருக்கக் கூடாது. ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் ஊசி வேண்டும். அப்படிப்பட்ட டியூப் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

ஒரு முறைதான் பயன்படுத்த முடியும் என்றால், அந்த ஒரு முறைக்கு மதிப்பு இருக்க வேண்டாமா?

என் அக்காவுக்கு வயது 68. கண்புரை அறுவைக்காகத் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். அதற்கு நான்கு நாட்கள் முன்புதான் இந்த முகாமில் ரத்தம் கொடுத்திருந்தார். அறிக்கையைக் கையோடு கொண்டுபோனார். “வெளி ரிப்போர்ட் எடுத்துக்கொள்ள மாட்டோம்” என்று மறுபடி எடுத்தார்கள். ஊதா மூடி டியூப் ஒன்று, சாம்பல் மூடி ஒன்று, மஞ்சள் மூடி ஒன்று. அறுவை நாளன்று அக்காவுக்குச் சளியும் இருமலும். இரண்டு வாரம் தள்ளிப் போட்டார்கள். திரும்பிப் போனபோது, “ரிப்போர்ட் பழையதாகிவிட்டது” என்று மூன்றாம் முறை. மூன்றிலும் ஹீமோகுளோபின் 11.2, 11.4, 11.2. மூன்றிலும் உப்பு சரி, சர்க்கரை சரி. எச்.பி.ஏ1சி பரிசோதனையையும் மூன்று முறை செய்திருக்கிறார்கள். கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்வது அது. மூன்று வாரத்தில் மூன்று முறை பார்த்தால் அதில் என்ன புதிதாகத் தெரியும்? அக்காவின் முழங்கை மடிப்பில் ஊதாத் தழும்பு, கையில் மூன்று வழவழப்பான கோப்புகள், ஒவ்வொன்றிலும் பதினைந்து பக்கம்.

கண்புரை அறுவைக்கு முன் இப்படி வழக்கமாகச் செய்யும் ரத்தப் பரிசோதனைகளால் ஏதாவது பயன் உண்டா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 19,000க்கும் மேற்பட்ட அறுவைகளில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் முடிவு வந்தது. பரிசோதனை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் சிக்கல்கள் ஒரே அளவில்தான் இருந்தன. முடிவு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. என் அக்கா மூன்று முறை குத்துப்பட்டார்.

ஆஸ்திரேலியாவில் 2020இல் ரத்தப் பரிசோதனைகளின் கார்பன் கணக்கைப் போட்டார்கள். முழு ரத்த எண்ணிக்கை ஒன்றுக்கு 116 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான வெளியேற்றம். உடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் சி.ஆர்.பி. பரிசோதனைக்கு வெறும் அரை கிராம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? சி.ஆர்.பி. பெரும்பாலும் வேறு பரிசோதனைக்காக ஏற்கெனவே எடுத்த ரத்தத்திலேயே பார்க்கப்படுகிறது. பெருஞ்சுமை இயந்திரத்திலோ ரசாயனத்திலோ இல்லை, ரத்தம் எடுப்பதில் இருக்கிறது: ஊசி, டியூப், பஞ்சு, கையுறை. இதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ஆய்வகத்தில் நாங்கள் அன்றாடம் கண்ணால் கண்டது இதுதான். எடுத்த டியூபில் ரத்தம் மிச்சமிருக்கும். மருத்துவர் ஒரு மணி நேரம் கழித்து, “கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள்” என்பார். அதே டியூபில் பார்த்துவிடுவோம். நோயாளிக்கு வலியில்லை, புதிதாகக் குப்பையில்லை. இன்னொரு முறை குத்துவதுதான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வைக்கிறது.

ஸ்கேன் விஷயம் இன்னும் பெரிது. அதே ஆஸ்திரேலியக் குழுவினர் கணக்கில் ஒரு மார்பு எக்ஸ்ரேவுக்கு 0.8 கிலோ, அல்ட்ராசவுண்டுக்கு 0.5 கிலோ, சி.டி.க்கு 9.2 கிலோ, எம்.ஆர்.ஐ.க்கு 17.5 கிலோ. நோயில்லாதவர்களுக்கு ‘முழு உடல் ஸ்கேன்’ என்று விற்கும் விளம்பரங்களை இந்த எண்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எண்பது பரிசோதனை அடங்கிய பொதிகளில் புற்றுநோய்க் குறியீடுகளையும் சேர்த்துவிடுகிறார்கள். சி.இ.ஏ., சி.ஏ.125 போன்றவை, அறிகுறி எதுவும் இல்லாத சாதாரண மக்களிடம் புற்றுநோய் தேடுவதற்கானவை அல்ல. எண் கொஞ்சம் கூடினால் அந்தக் குடும்பம் தூக்கம் தொலைத்து சி.டி.க்கு ஓடும். அப்படி ஓடிவந்தவர்களை நான் ஆய்வக வாசலில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது என் வாழ்நாள் வேலையையே மறுப்பதாகும். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் டாக்டர் சங்கரநாராயணன் குழுவினர் 30 முதல் 59 வயது வரையான பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புற்றுநோய் வருவது 25 விழுக்காடு குறைந்தது, அதனால் ஏற்படும் மரணம் 35 விழுக்காடு குறைந்தது. அந்தப் பரிசோதனைக்கு என்ன தேவைப்பட்டது? நீர்த்த அசிட்டிக் அமிலம், பஞ்சு, நல்ல வெளிச்சம், பயிற்சி பெற்ற ஒரு செவிலியரின் கண். அமிலம் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் மாறுபட்ட இடம் வெளுத்துத் தெரியும். எஃகுக் கருவியைக் கழுவி, அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்து மறுபடி பயன்படுத்தலாம். உயிர் காக்கும் பரிசோதனைக்கு மலையளவு குப்பை தேவையில்லை என்பதற்கு நம் மண்ணிலேயே இந்தச் சான்று இருக்கிறது. மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைகளில் ஒரு கண்புரை அறுவைக்கு ஆகும் கார்பன், பிரிட்டனில் ஆவதில் ஏறக்குறைய 5 விழுக்காடுதான் என்று 2017இல் ஆய்வு வெளிவந்தது. கருவிகளைக் கிருமி நீக்கி மீண்டும் பயன்படுத்துவதில் அங்கே இருக்கும் ஒழுங்கு அதற்கு முக்கியக் காரணம். (என் அக்கா போனது வேறு மருத்துவமனை.)

ஆகவே மருத்துவர்களுக்கு என் வேண்டுகோள். நோயாளி கொண்டுவரும் அறிக்கையை ஒரு நிமிடம் திறந்து பாருங்கள். எந்த ஆய்வகம், எந்தத் தேதி, தர அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் சந்தேகமான அந்த ஒன்றை மட்டும் மறுபடி பாருங்கள். ‘வெளி ரிப்போர்ட்’ என்று மொத்தமாகத் தள்ளுவதற்கு மருத்துவக் காரணம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆய்வகங்களின் தரத்தை நம்ப முடியவில்லை என்பது நியாயமான கவலை என்றால் தரத்தைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு நோயாளியின் நரம்பு விலையாகக் கூடாது.

மாவட்ட நிர்வாகத்துக்கு: பள்ளி, கல்யாண மண்டபம், கோயில் மண்டபம் என எங்கே பரிசோதனை முகாம் நடத்த அனுமதி கேட்டாலும், கழிவை எடுத்துச் செல்லும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ரசீது இல்லாமல் அனுமதி தரக் கூடாது. அன்று மாலையே வண்டி வர வேண்டும். லான்செட்டுக்கும் வெள்ளைப் பெட்டி வேண்டும்.

வீடுகளையும் மறந்துவிட வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் இன்று வீட்டிலேயே விரலில் குத்திப் பார்க்கிறார்கள், இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். நல்லதுதான். குத்திய லான்செட்டும் ஊசியும் தெருக் குப்பையில் போகின்றன. அதை வெறுங்கையால் பிரிப்பவர்கள் நம் தூய்மைப் பணியாளர்கள். வீட்டில் பயன்படுத்திய ஊசியைத் தனியாகச் சேகரிக்க வேண்டிய அபாயகரக் கழிவு என்று 2016இன் திடக்கழிவு விதியே சொன்னது. ஆனால் எங்கள் தெருவில் அதை எங்கே கொடுப்பது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து மாத்திரை தருகிறார்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். வரும்போது மாத்திரை, போகும்போது நிரம்பிய ஊசி டப்பா என்று ஏற்பாடு செய்தால் என்ன? அவர்களுக்குத் துளைபடாத பெட்டியும், சுமப்பதற்குக் கூடுதல் ஊதியமும் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். அதுவரைக்கும் வாசகர்கள் கெட்டியான பிளாஸ்டிக் புட்டி ஒன்றில் போட்டு மூடி இறுக்கி, மேலே ‘ஊசி’ என்று பெரிதாக எழுதித் தூய்மைப் பணியாளரிடம் விஷயத்தைச் சொல்லிக் கையில் கொடுங்கள். நான் என் தெருவில் பதினொரு வீடுகளில் இதைப் பழக்கியிருக்கிறேன்.

பள்ளியைப் பெருக்கும் அந்த அம்மாவின் ஆறு வாரப் பரிசோதனை இன்னும் ஒன்பது நாளில் வருகிறது. நான் உடன் போகிறேன். முகாம் நடத்திய அதே அமைப்பினர் அடுத்த மாதம் பக்கத்து ஊரில் இன்னொரு முகாம் நடத்தப் போவதாகச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் நிருபர் படம் எடுக்க வருவாரானால், மறுநாள் காலையிலும் ஒரு முறை வரச் சொல்லுங்கள். நான் அங்கே இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்,
அம்பாசமுத்திரம்.